பின்னறை வாசலில் ஒரு தூக்குப் பாலம்

எங்கள் அத்தான் லிப்ட் ரிப்பேர் செய்து ஓய்வு பெற்றவர். அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இன்றுவரை அவர் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு தபால் அட்டையில் அடங்கிவிடும். மிச்ச இடத்தில் விலாசமும் எழுதலாம். கோபக்காரர் என்று நினைக்க வேண்டாம். பேச்சு வராது, அவ்வளவுதான். தெருவில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. லிப்டுக்காரர் வீடு என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூடக் கைகாட்டும். எங்கள் தெருவில் லிப்ட் வைத்த கட்டிடம் ஒன்றுகூடக் கிடையாது என்பது வேறு விஷயம்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மறுபடி ஏற்றும்வரை வேலை இல்லை. அந்த நேரத்தில் அக்கா வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வேன். எனக்கு வாய் நீளம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அத்தானுக்கும் சேர்த்து ஓர் ஆள் பேச வேண்டாமா?

அத்தானுக்குத் தொழிலில் இரண்டு விஷயம் உயிர். ஒன்று, லிப்ட் பெட்டி மாடித் தரையோடு மட்டமாக வந்து நிற்க வேண்டும். மயிரிழை ஏறினாலும் கூடாது, இறங்கினாலும் கூடாது. இன்னொன்று, கதவு சரியாகப் பூட்டாமல் பெட்டி அசையக் கூடாது. ஒருமுறை சட்டை எடுக்கப் பெரிய துணிக்கடைக்குப் போனோம். மூன்றாம் மாடியில் பெட்டி கொஞ்சம் தாழ்ந்து நின்றது. மனிதர் அங்கேயே குந்தி உட்கார்ந்து இடைவெளியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கடைக்காரர்கள் ஏதோ தொலைத்துவிட்டார் என்று கூடச் சேர்ந்து தேடினார்கள். சட்டை எடுக்காமலே வீட்டுக்கு வந்தோம். வீட்டிலும் அதே கதைதான். அலமாரிக் கதவு பாதி திறந்திருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

ஓய்வு பெற்ற பிறகு ஏதோ ஒரு கட்டிடத்தில் குப்பைக்குப் போகவிருந்த பொம்மை ரயில் ஒன்றை எடுத்து வந்தார். ஓடாத வண்டி. பிரித்துப் போட்டு ஓட வைத்தார். அதோடு விட்டாரா? பின்னறையின் நாலு சுவரையும் ஒட்டி நெஞ்சு உயரத்துக்குப் பலகை அடித்தார். பலகைமேல் தண்டவாளம், அட்டையில் மலை, தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்டேஷன், அதன் வாசலில் குடை பிடித்து நிற்கிற ஒரு சின்னஞ்சிறு ஆள். வண்டி அறையைச் சுற்றி வர வேண்டும் என்றால் வாசலையும் கடந்தாக வேண்டும். அதனால் வாசலுக்குக் குறுக்கேயும் ஒரு பலகை. உள்ளே போகிறவர்கள் அதற்கடியில் குனிந்துதான் போக வேண்டும்.

அத்தானுக்கு வண்டி ஓட்டுவதில் பெரிய ஆசை கிடையாது. அவர் செய்வார், மாட்டுவார், துடைப்பார். ஓட்டுவது எங்கள் அக்கா. தபாலாபீஸ் கவுண்ட்டரில் காலமெல்லாம் உட்கார்ந்து "அடுத்து!" என்று அதட்டியே பழகினவள். அவள் போட்ட போடில் பேனாவை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர்கள் வரிசையில் நிற்கவே பயப்படுவார்கள். அவள் ஓய்வு பெற்றதும் பின்னறையில் ஒரு சுழல் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். வண்டியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு அவள் கையில். "சரக்கு வண்டி நிக்கட்டும், பயணிகள் வண்டியை விடுங்க! என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? அடுத்து!" என்று சத்தம் போடுவாள். அத்தான் ஓடியாடி வண்டியை மாற்றி வைப்பார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததெல்லாம் அந்த அறையில்தான்.

அப்புறம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை செய்து, உள்ளே ஏதோ உலோகம் வைத்து அனுப்பினார்கள். குனியவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முன்னறை ஜன்னலோரம் ஓர் உயர நாற்காலி, பக்கத்தில் பிடித்து நடக்கிற வாக்கர். அவ்வளவுதான் அக்காவின் உலகம்.

"பின்னறைக்குப் போக முடியலையேன்னு இருக்காக்கா?" என்று கேட்டேன்.

"அந்தப் பொம்மை வண்டிக்கு எவ போவா? வயசான காலத்துல வேற வேலை இல்லையா எனக்கு?" என்றாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. எதிர்வீட்டுச் சுவர்தான் இருந்தது.

அன்றிலிருந்து வண்டி ஓடவில்லை. அத்தான் தினமும் குனிந்து உள்ளே போவார், பஞ்சால் சக்கரங்களைத் துடைப்பார், குனிந்து வெளியே வருவார். ஓடாத வண்டியில் அழுக்கு எப்படிச் சேரும் என்று நான் கேட்கவில்லை.

அக்காவுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஓர் அம்மா வந்து போவார். ஒருநாள் வாசலில் என்னை நிறுத்திச் சொன்னார்: "உங்க அக்கா நடக்கவே மாட்டேங்கிறாங்க. வலி இருக்கும்தான். ஆனா அது மட்டும் இல்லை. சும்மா நட, நடன்னா யாரு நடப்பா? போய்ச் சேர ஓர் இடம் வேணும்ல? இப்படியே விட்டா கால் மறந்துடும். அப்புறம் அந்த நாற்காலிதான் கடைசிவரைக்கும்."

நேரே பின்னறைக்குப் போனேன்.

"அத்தான், வாசல்ல இருக்கிற அந்தப் பலகையை முதல்ல அறுத்து எறியுங்க. அக்கா நிமிர்ந்தபடி உள்ளே வரட்டும்."

அவர் பஞ்சை வைத்துவிட்டு யோசித்தார். "அறுத்தா வண்டி சுத்தாது."

"வண்டி சுத்தாட்டி குடியா முழுகிடும்?"

"அப்புறம் அவ வந்து எதை ஓட்டுவா?" என்றார்.

நான் வேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாளே வேலை தொடங்கிவிட்டது. பலகையைக் கீல் போட்டு மேலே மடக்கினால் போதும் என்று நான் யோசனை சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். இவர் லிப்டுக்காரர் ஆயிற்றே! வாசல் நிலைக்கு இருபுறமும் பலகை வழுக்கி ஏற இரும்பு வழிகள் பதித்து, மேலே உருளை மாட்டி, கயிறு கட்டி, பலகை அப்படியே மட்டம் குலையாமல் நிலைக்கு மேலே ஏறிப் போகும்படி ஒரு குட்டி லிப்டையே வாசலில் நிறுத்தினார். தூக்குவதற்கு ஒரு மோட்டார்; கழித்துக் கட்டின ஏதோ ஒரு லிப்டின் கதவை முன்பு இழுத்துக்கொண்டிருந்த மோட்டார் அது. வாக்கர் இடித்துக்கொள்ளுமே என்று அந்த இரும்பு வழிகளைப் பிடுங்கி, அறையின் உள்பக்கச் சுவரில் மறுபடி பதித்தார். வாக்கரின் அகலத்தை அக்கா தூங்கும்போது வந்து நூலால் அளந்துகொண்டு போனார். அக்கா ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

கயிற்றின் மறுமுனையில் பலகையின் எடைக்குச் சமமாக ஏதாவது தொங்க வேண்டுமாம். அப்போதுதான் மோட்டாருக்குச் சிரமம் இருக்காதாம். கல்லைக் கட்டினார், கனம் கூடுதல். பூட்டுகளைக் கோர்த்தார், கனம் குறைச்சல். கடைசியில் ஏதோ ஒன்று சரியாக வாய்த்துவிட்டது. அந்த வாரத்திலிருந்து அக்கா, "என் இஸ்திரிப் பெட்டியைக் காணோம்டி, நீ எடுத்துட்டுப் போனியா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். எடுத்தது யாரென்று தெரிந்தும் நான் பழியைத் தாங்கிக்கொண்டேன்.

மோட்டாரை ஓட வைப்பது பெரிய காரியமில்லை, நிறுத்துவதுதான் காரியம் என்பதை நான் அங்கே கண்ணால் பார்த்தேன். பலகை மேலே போய் ஒரு சின்ன சுவிட்சைத் தொட்டால் மோட்டார் நிற்க வேண்டும். கீழே வந்து இன்னொன்றைத் தொட்டால் நிற்க வேண்டும். முதல் நாள் மேல் சுவிட்ச் வேலை செய்யாமல், பலகை மேற்கூரையை முட்டிக்கொண்டு நின்று, அத்தான் தலைமேல் சுண்ணாம்பு கொட்டியது. அடுத்த நாள் கீழ் சுவிட்ச் சதி செய்தது. பலகை இறங்கின வேகத்தில் அட்டை மலை ஆட்டம் கண்டு, குடைக்காரன் ஸ்டேஷன் கூரையில் போய் விழுந்தான்.

முன்னறையிலிருந்து அக்கா கத்தினாள். "என்னடி இடிக்கிறாரு அங்க?"

"உனக்குப் பாலம் கட்டுறாரு."

"எனக்கெதுக்குப் பாலம்? நான் என்ன ஆத்தைத் தாண்டப் போறேனா?" என்றாள். அப்புறம், "ஆயிடுச்சாமா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு தினமும் கேட்டாள். அவரிடம் இல்லை, என்னிடம்.

ஆகவில்லை. பாலத்தின் தண்டவாளமும் கரையின் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் சேர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு படி இருந்தாலும் வண்டி தடுக்கி விழும். விழுந்தது. நெஞ்சு உயரத்திலிருந்து சின்ன இன்ஜின் தரையில் விழுந்த சத்தம் கேட்டு நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அத்தான் அதை எடுத்து ஊதிவிட்டு, அரத்தை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தார். பலகையின் இரண்டு நுனியிலும் கூம்பு முளைகள் வைத்தார். இறங்கும்போது அவை எதிரே உள்ள குழிகளில் போய்த் தானாக உட்காரும். முளை முழுக்க உட்கார்ந்தால்தான் பாலத்துக்கு இருபுறமும் தண்டவாளத்தில் மின்சாரம் வரும். உட்காராவிட்டால் வண்டி தூரத்திலேயே செத்து நிற்கும். கதவு பூட்டாமல் பெட்டி அசையக் கூடாது என்ற அதே பழைய கட்டளைதான்.

ஒரு காலை, "கூப்பிடு" என்றார் என்னிடம்.

அக்கா தலை வாரியிருந்தாள். யார் வாரிவிட்டார்கள் என்று கேட்டால் கடித்துக் குதறுவாள் என்பதால் கேட்கவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தைக் கடந்தாள். நடுவில் ஒருதரம் நின்று மூச்சு வாங்கினாள். அத்தான் அறைக்குள்ளிருந்து பொத்தானை அழுத்தினார். பாலம் கொஞ்சமும் ஆடாமல் மேலே ஏறிப் போய் நின்றது. அடேயப்பா, நான் கைதட்டிவிட்டேன்!

அக்கா வாசற்படி வரைக்கும் வந்தாள். வாக்கரைத் தூக்கி உள்ளே வைத்தாள். ஒரு காலை நகர்த்தினாள். மற்ற கால் வர நேரமாயிற்று. அப்போது தலைக்கு மேலே அத்தான் மாட்டியிருந்த பஸ்ஸர் கிர்ரென்று அலறியது. பாலம் மெதுவாக இறங்கத் தொடங்கியது. நான் "ஐயோ" என்று கத்துவதற்குள் குறுக்கே ஆள் நின்றால் கண்டுபிடிப்பதற்காகச் சுவரில் பதித்திருந்த மின்கண் அக்காவைக் கண்டுகொண்டு பாலத்தை அப்படியே நிறுத்திவிட்டது. ஆபத்தெல்லாம் இல்லை. பஸ்ஸர் மட்டும் விடாமல் அலறிக்கொண்டிருந்தது.

அக்கா அசையாமல் நின்றாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. பிறகு வாக்கரைப் பின்னுக்கு இழுத்தாள்.

"இன்னும் ஓரடிதான், வந்துடு" என்றார் அத்தான்.

"போதும். ஆஸ்பத்திரியில எல்லாரும் என்னைச் சீக்கிரம் சீக்கிரம்னு விரட்டுனாங்க. இப்ப வீட்லயும் மணி அடிச்சு விரட்டணுமா? நான் யார் வழியிலயும் நிக்கலை" என்றாள். திரும்பி நடந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தவள் அன்று முழுக்க எழுந்திருக்கவே இல்லை. மறுநாளும் இல்லை. உடற்பயிற்சி அம்மாவைக்கூட வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

எனக்கு ஆத்திரம் மூக்குக்குமேல் வந்தது. "எதுக்கு அத்தான் அந்தச் சனியன் பிடிச்ச பஸ்ஸர்?" என்று பின்னறையில் போய் நின்றேன்.

அவர் நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "கதவு ரொம்ப நேரம் திறந்தே நின்னா பஸ்ஸர் அடிச்சு மெதுவா மூடும். எல்லா லிப்ட்லயும் உண்டு."

"ஏன் உண்டு?"

"வேற மாடியில ஆள் காத்துக்கிட்டிருப்பாங்க இல்ல?"

"நான் வேன் ஓட்டுறவ. ஹாரன் எதுக்குன்னு எனக்குத் தெரியும். முன்னாடி நிக்கிறவனை நகருடான்னு சொல்றதுக்குத்தான். இங்க எந்த மாடியில யாரு காத்துக்கிட்டிருக்காங்க, சொல்லுங்க பார்ப்போம்!"

அத்தான் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்துக்கொண்டே நின்றார். போய்விடலாம் என்று நான் திரும்பும்போது சொன்னார்.

"நான்தான்."

"என்ன?"

"நான்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

எனக்குக் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "அப்ப காத்துக்கிட்டிருங்க. பஸ்ஸர் இல்லாம" என்று மட்டும் சொல்லிவிட்டு வேனை எடுக்கப் போனேன்.

அதற்கப்புறம் பள்ளி விடுமுறை வந்தது. நான் பகல் முழுக்க அங்கேயே இருந்தேன். அத்தான் பஸ்ஸரைக் கழற்றினார். நேரம் பார்த்துத் தானாக இறங்குகிற ஏற்பாட்டையும் பிடுங்கினார். அறைக்குள் தான் வைத்திருந்த பொத்தானையும் எடுத்துவிட்டார். மின்கண்ணை மட்டும் விட்டுவைத்தார். அப்புறம் அழைப்பு மணிக்கு வைக்கிற மாதிரி கம்பியில்லாத பொத்தான்கள் இரண்டை, ஒன்று ஏற்ற, ஒன்று இறக்க, அக்காவின் வாக்கர் கைப்பிடியில் இறுக்கி மாட்டினார்.

"என்ன இது?" என்றாள் அக்கா.

"பாலம்" என்றார். ஒரு பிளாஸ்கில் டீயை ஊற்றிக்கொண்டு, பலகைக்கடியில் குனிந்து உள்ளே போனார். சுழல் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மத்தியானம் ஆயிற்று. சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை.

"வெளியே வாங்க அத்தான், ஆறிடும்."

"அவ தூக்கட்டும்."

"குனிஞ்சு வர வேண்டியதுதானே? தினம் அப்படித்தானே வர்றீங்க?"

"அவ தூக்கினா வர்றேன்" என்றார். கோபமோ வீம்போ குரலில் இல்லை. எந்த லிப்ட் எத்தனை பேரைத் தாங்கும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

முன்னறைக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். "நல்லா இருக்கே கதை! அவருக்கென்ன, இடுப்பா போயிடுச்சு? குனிஞ்சு வரச் சொல்லு" என்றாள்.

"வர மாட்டாராம்."

"பாத்ரூம் போகணும்னா என்ன பண்ணுவாராம்?"

"அதையும் உன்னைத்தான் கேட்கணும்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "கிடக்கட்டும்" என்று எதிர்வீட்டுச் சுவரைப் பார்க்கத் தொடங்கினாள். எனக்கு இரண்டு பேரையும் சேர்த்து வைத்து மொத்தலாமா என்றிருந்தது. பட்டினி கிடக்கிற மனிதர் ஒருபக்கம், நாற்காலியோடு ஒட்டிக்கொண்டவள் ஒருபக்கம், நடுவில் நான் ஒரு தபால்காரி. கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்துவிட்டேன்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கின நேரம், வாக்கரின் ரப்பர் கால் தரையில் பதிகிற சத்தம் கேட்டது. யாரும் எழுப்பிவிடவில்லை, யாரும் தாங்கவில்லை. அக்கா தானாக எழுந்து வந்துகொண்டிருந்தாள். நான் தூங்குகிற மாதிரியே கிடந்தேன்.

வாசலருகே வந்து நின்றாள். பொத்தானை அழுத்தினாள். பாலம் ஏறியது. வாக்கரை உள்ளே வைத்தாள், ஒரு காலை வைத்தாள், மற்ற காலையும் கொண்டுவந்து சேர்த்தாள். சரியாகப் போன தடவை அலறின இடத்தில், பாலத்துக்கு நேர் கீழே நின்றாள். அதற்குமேல் நகரவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

அத்தான் முக்காலியிலிருந்து எழவில்லை. வா என்று சொல்லவில்லை.

"சத்தம் வரலையே?" என்றாள் அக்கா.

"வராது."

"எவ்வளவு நேரம் நின்னாலுமா?"

"எவ்வளவு நேரம் நின்னாலும்."

அவள் இன்னும் கொஞ்சம் நின்றாள். நிமிர்ந்து பாலத்தைப் பார்த்தாள். கயிறு போகிற வழியே பார்வையைக் கீழே கொண்டுவந்தாள். சுவரோரம் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அவளுடைய பழைய கவுண்ட்டர் குரல் திரும்பி வந்துவிட்டது.

"அது என் இஸ்திரிப் பெட்டி இல்ல?"

"ஆமா."

"ஊரெல்லாம் தேடுறேன், இங்க தொங்க விட்டிருக்கீங்களா? கசங்கின துணியோட கிடக்கேன் நான்!"

"அதுதான் சரியான கனம்" என்றார் அத்தான்.

அக்கா உள்ளே போனாள். சுழல் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். எனக்குப் பாயில் படுத்தபடியே அழுகை வந்தது. சொல்வதற்கென்ன வெட்கம், நன்றாகவே அழுதேன்.

"நடிச்சது போதும், எழுந்திருச்சு டீ போடுடி. அவரு காலையிலேர்ந்து வயித்தைக் காயப்போட்டுக்கிட்டு இருக்காரு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

தட்டில் ரொட்டியும் டீயும் எடுத்துக்கொண்டு நான் வந்தபோது பாலம் இறங்கியிருந்தது. கையில் தட்டோடு எப்படிக் குனிவது? "அக்கா, தூக்கு" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கை திருகின்மேல் இருந்தது. சரக்கு வண்டி அந்தக் கோடியில் மலையைச் சுற்றி மெதுவாக வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அத்தான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"வண்டி வருதுல்ல? போகட்டும். நில்லுடி" என்றாள்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் நின்றேன்.